பல் வரைந்தால் பேயாகிவிடுமா?

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் எங்கள் துறையின் முதுகலை மாணவர் ஒருவர் பழையனூர் நீலியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88 மில்லிமீட்டர். கறுப்புச் சட்டகத்துக்குள் விரிந்த கூந்தல், காதுவரை கிழிந்த வாய், எண்ணிப் பார்த்தால் முப்பதுக்குக் குறையாத பற்கள், பின்புலத்தில் எரியும் சிதை. 'மேஜிக்: த கேதரிங்' என்னும் சீட்டு விளையாட்டில் சேர்த்து ஆடுவதற்காக அவரே வடிவமைத்த சீட்டு அது. இதற்கென்று 'மேஜிக் செட் எடிட்டர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறதாம். படத்தை வரைந்து கொடுக்கவும் இன்று இயந்திரம் வந்துவிட்டது.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு நான் சொன்ன மறுமொழியைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எதிரில் இருந்தவர் அவர் ஒருவரே என்றாலும், திகில் என்றால் பல்லும் குருதியும் என்று முடிவு கட்டிக்கொண்டு சீட்டு வடிவமைக்கும் எல்லோருக்கும் என் சண்டை பொருந்தும். அப்படியே திகில் கதை எழுதும் நம் நண்பர்கள் சிலருக்கும் பொருந்தக்கூடும். அவர்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சிறு தடையை நீக்கிவிடுகிறேன். மாதக் கூடுகையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர், "பிள்ளைகள் விளையாடுகிற சீட்டுக்கெல்லாம் அழகியலா?" என்றார். நான்கடிக்குள் அடங்குவதை இலக்கியம் என்றும், ஒன்றேமுக்கால் அடிக்குள் அடங்குவதை மறை என்றும் ஒப்புக்கொண்ட மரபில் வந்தவர் அளவைக் காட்டி ஒன்றை ஒதுக்குவது வேடிக்கை. எவ்வளவு சிறியது என்பது கேள்வியே அன்று. அந்தச் சிறிய இடத்தில் என்ன நிகழ்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சில வரிகள். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உருவாக்க, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் சேகரிப்பிலிருந்து குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை அமைத்துக்கொண்டு, 20 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குவர். எதிராளியின் புள்ளியைச் சுழியாக்குபவர் வென்றார். சீட்டின் தலையில் பெயரும் அதை ஆடுவதற்கான விலையும் இருக்கும். விலையை 'மானா' என்கிறார்கள். நடுவில் படம், அதன்கீழ் எழுத்துக்கான கட்டம். உயிரிச் சீட்டாக இருந்தால் வலக்கோடியில் இரண்டு எண்கள்: தாக்கும் வலிமை, தாங்கும் வலிமை. எழுத்துக் கட்டத்தில் இருவகை எழுத்து உண்டு. நேரெழுத்தில் இருப்பது விதி. அது ஆட்டத்தில் நிகழும். சாய்வெழுத்தில் இருப்பது சுவைக்காகச் சேர்த்த ஓரிரு வரி. அதனால் ஆட்டத்தில் எதுவும் நிகழாது.

என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. சீட்டின் வினைச்சொல் விதியில் இருக்கிறது. படமும் சாய்வெழுத்தும் பெயரடைகள். 'கொடிய', 'இருண்ட', 'குருதி தோய்ந்த' என்று எத்தனை அடை சேர்த்தாலும், வினை 'வந்தாள், அடித்தாள்' என்று இருந்தால் வாக்கியம் அதைத்தான் சொல்லும்.

மாணவரின் நீலி என்ன செய்கிறாள்? விலை 7 மானா. வலிமை 9, தாங்கும் வலிமை 9. பறக்கிறாள். (ஏன் பறக்கிறாள் என்று கேட்டேன். பேய் என்றால் பறக்கும் அல்லவா என்றார். நீலி கதையின் எந்த வடிவத்திலும் நான் அறிந்தவரை அவள் நடந்துதான் வருகிறாள். அதுவும் இடுப்பில் பிள்ளையோடு.) களத்துக்கு வந்ததும் மற்ற உயிரிகள் எல்லாவற்றையும் அழிக்கிறாள். பின்னர் முறைதோறும் எதிராளி 3 புள்ளி இழக்கிறார். இவ்வளவுதான். அவள் வந்தால் எதிராளி தோற்பார். சீட்டுகளைக் கலைத்து அடுத்த ஆட்டம் தொடங்குவார். இதற்குப் பெயர் தோல்வி. அச்சம் வேறு. இதே எண்களையும் இதே விதிகளையும் வைத்துக்கொண்டு படத்தை மட்டும் மாற்றி 'மதம் பிடித்த யானை' என்று பெயரிட்டாலும் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இராது. பெயரை மாற்றியும் குலையாத திகில் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்ததில்லை என்பது என் துணிபு.

இதற்கு இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று கிடக்கிறது. 1993-இல் வந்த முதல் தொகுப்பில் 'அன்ஹோலி ஸ்ட்ரெங்த்' என்றொரு சீட்டு உண்டு. ஒரு மனிதன், அவனுக்குப் பின்னால் எரியும் ஐங்கோண நட்சத்திரம். சாத்தான் வழிபாட்டின் குறி என்று மேலைநாட்டவர் அஞ்சும் சின்னம் அது. 1995-இல் வந்த நான்காம் பதிப்பில் அந்த நட்சத்திரத்தை அழித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் 'டீமன்' என்ற உயிரி வகையையே புதிய சீட்டுகளில் தவிர்த்தார்கள். அது திரும்பி வந்தது 2002-இல். ஆனால் அன்ஹோலி ஸ்ட்ரெங்த் சீட்டின் விதி என்ன? உன் உயிரி ஒன்றுக்குத் தாக்கும் வலிமை 2 கூடும், தாங்கும் வலிமை 1 கூடும். நட்சத்திரம் இருந்தபோதும் அதுதான், போன பின்பும் அதுதான். பெற்றோர்களை அஞ்சவைத்த படம், ஆடியவர் எவரையும் அஞ்சவைத்திருக்க வழியில்லை.

அதே முதல் தொகுப்பின் 'லார்ட் ஆஃப் த பிட்' என்னும் சீட்டை எடுத்துக்கொள்வோம். பாதாளத்தின் தலைவன் என்று சொல்லலாம். விலை 7 மானா, வலிமை 7, தாங்கும் வலிமை 7, பறப்பவன். நம் மாணவரின் நீலிக்குத் தாத்தா மாதிரி இருக்கிறான் அல்லவா? வேறுபாடு அடுத்த வரியில் வருகிறது. உன் முறை தொடங்கும்போதெல்லாம் நீ உன்னுடைய வேறோர் உயிரியை அவனுக்குப் பலியிட வேண்டும்; பலியிட எதுவும் இல்லையென்றால் உனக்கே 7 புள்ளி அடி. 20 புள்ளியோடு வாழ்பவருக்கு 7 என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்தச் சீட்டை ஆடுபவர் முதல் முறை மகிழ்வார். இரண்டாம் முறை தம் பக்கம் இருக்கும் சிறிய உயிரிகளை எண்ணத் தொடங்குவார். எது முதலில் போகலாம், எது கடைசியில்? எதிராளி அஞ்சுகிறாரோ இல்லையோ, அழைத்தவர் அஞ்சுகிறார். இங்கே படத்தைக் கிழித்துப் போட்டாலும் பேய் போகாது.

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது பேயைப் பற்றியதே அன்று. 2005-இல் வந்த ராவ்னிகா தொகுப்பின் 'டார்க் கான்ஃபிடன்ட்'. இதை வடிவமைத்தவர் பாப் மேகர் என்ற ஆட்டக்காரர். அழைப்புப் போட்டி ஒன்றில் வென்றவருக்குத் தம் சீட்டை வடிவமைக்கும் உரிமை பரிசாகத் தரப்பட்டது. (ஆட்டக்காரர் வடிவமைப்பது புறவாசல் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) விலை வெறும் 2 மானா, வலிமை 2, தாங்கும் வலிமை 1, ஊதினால் விழுந்துவிடும். உன் முறை தொடங்கும்போது கட்டின் மேற்சீட்டைத் திருப்பிக் காட்டிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சீட்டின் மானா விலை எத்தனையோ அத்தனை புள்ளியை இழக்க வேண்டும். அதாவது நீ ஆசையாகக் கட்டில் செருகிய பெரிய சீட்டே உன்னைக் கொல்லும். மேற்சீட்டைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில் இருக்கும் திகிலை எந்த ஓவியராலும் வரைய இயலாது. மாணவரிடம் சொன்னேன்: உங்கள் 7 மானா நீலி இந்தச் சீட்டோடு ஒரே கட்டில் இருந்தால் மட்டுமே யாரையாவது பயமுறுத்துவாள், அதுவும் உங்களைத்தான்.

திகிலையே பொருளாகக் கொண்டு வந்த பெரிய தொகுப்பு 2011-இன் 'இன்னிஸ்ட்ராட்'. மார்க் ரோஸ்வாட்டர் தலைமையில் வடிவமைக்கப்பட்டது. ஐரோப்பியக் காதிக் கதைகளின் உலகம்: ஓநாய் மனிதர், நடைபிணங்கள், குருதி குடிக்கும் பிரபுக்கள். கருப்பொருளை முதலில் வைத்து விதியை அதிலிருந்து வருவிக்கும் முறையில் செய்தார்கள். அதில் ஓநாய் மனிதர் சீட்டுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் ஓநாய். இரு பக்கமும் அச்சிட்ட சீட்டு மேஜிக்கில் வந்தது அப்போதுதான். மனிதன் எப்போது ஓநாய் ஆகிறான்? ஒரு முறை முழுவதும் எவரும் ஒரு மந்திரமும் போடாமல் கழிந்தால் ஆகிறான். (நிலச்சீட்டு தவிர ஏறக்குறைய எதை ஆடினாலும் அது மந்திரக் கணக்குத்தான்.) ஒருவர் ஒரே முறையில் இரண்டு மந்திரங்களாவது போட்டால்தான் மீண்டும் மனிதன். யோசித்துப் பாருங்கள்: விதியில் நிலவும் இல்லை, ஊளையும் இல்லை. எல்லோரும் சும்மா இருந்தால் அது வரும். கையில் சீட்டு தீர்ந்தவர், சமயம் பார்த்துக் காத்திருப்பவர், சோம்பல்பட்டவர் ஆகிய எல்லோரும் சேர்ந்துதான் அதை வரவழைக்கிறார்கள். ஊர் அடங்கிய பின் வருவது என்று நம் பாட்டிகள் சொன்னதன் விதி வடிவம் இதுவே.

அதே தொகுப்பில் 'எண்ட்லெஸ் ரேங்க்ஸ் ஆஃப் த டெட்' இன்னொரு வகை. உன் முறை தொடங்கும்போதெல்லாம் உன்னிடம் உள்ள நடைபிணங்களின் எண்ணிக்கையில் பாதி, பின்னத்தைத் தள்ளிவிட்டு, புதிதாக எழும். ஒன்றே ஒன்று இருந்தால் எதுவும் எழாது. இரண்டு இருந்தால் மூன்றாகும். பிறகு நான்கு, ஆறு, ஒன்பது, பதின்மூன்று. மூன்று வரையில் எதிராளி பொருட்படுத்த மாட்டார். ஆறிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது, கவனிக்க வேண்டிய நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவரும். கணக்கே பேயாகி நிற்கும் இடம் அது.

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். மாணவரும் அதைத்தான் எடுத்தார். இன்னிஸ்ட்ராடிலேயே 'டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்று ஒரு சீட்டு. ஆய்வுக்கூடத்து மனிதன் பூச்சியாக உருமாறுகிறான். விதி அழகாக அமைந்தது: கட்டின் மேற்சீட்டைப் பார்க்கிறான், குறித்த வகை மந்திரமாக இருந்தால் அதைக் காட்டிவிட்டு மாறுகிறான். ஆனால் போட்டி ஆடுபவர்கள் எவருக்கும் அதில் அருவருப்போ அச்சமோ இல்லை. ஒரு மானாவுக்கு வலிமை 3 உள்ள பறக்கும் உயிரி கிடைக்கிறது என்ற மகிழ்ச்சி மட்டுமே. "விதி சரியாக இருந்தும் பயம் போய்விட்டதே, அம்மா?" என்றார். நல்ல கேள்வி, உடனே விடை சொல்ல முடியவில்லை. அன்றிரவு யோசித்தபோது பட்டது இது: உருமாறியதால் அந்த மனிதன் எதையும் இழக்கவில்லை. மனிதனாக இருந்ததைவிடப் பூச்சியாக இருப்பது ஆட்டக்காரருக்கு எல்லா வகையிலும் இலாபம். இழப்பு இல்லாத உருமாற்றம் பதவி உயர்வுதான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று வியப்பளிக்கும். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்கு. அச்சத்துக்குச் சொல்லப்படும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. முதல் இரண்டை எவரும் சொல்லிவிடுவார்கள். பேயும் புலியும் அஞ்சத்தக்கவை என்பதற்கு இலக்கண நூல் வேண்டியதில்லை. மூன்றாவதும் புரிகிறது. ஆனால் நான்காவதாக இறையை, அரசன் முதலாக நம்மீது அதிகாரம் உடையவரை, பேயோடு ஒரே வரிசையில் நிறுத்தியவர் சாதாரணமானவர் அல்லர். திகில் சீட்டு வடிவமைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். நடைபிணம், பேய், ஓநாய், சிலந்தி. மூன்றையும் நான்கையும் தொடுபவர் அரிது. பழையனூர்க் கதையோ நான்காவதைப் பற்றியது. மாணவர்மேல் எனக்கு வந்த கோபத்தின் உண்மையான காரணம் இதுதான். பல்லின் எண்ணிக்கை அன்று.

கதையை நினைவுபடுத்துகிறேன். பல வடிவங்கள் உண்டு. பொதுவாக வழங்குவது இது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட ஒருத்தி பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்திருக்கும் அவனைத் தொடர்கிறாள். அவனிடம் ஒரு கத்தி இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. அவள் அவனுடைய மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர்ச் சபையின்முன் அழுகிறாள். இவள் என் மனைவி அல்லள், பேய் என்று அவன் கதறுகிறான். பிள்ளை அவனிடம் ஓடிப்போய் அப்பா என்கிறது. சபை தீர்ப்பளிக்கிறது: நீங்கள் கணவன் மனைவி, இன்றிரவு ஓரறையில் தங்குங்கள், கத்தியை வெளியே வைத்துவிட்டுப் போ. அஞ்சி நிற்பவனுக்கு ஒரு வாக்கும் கொடுக்கிறது: உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எழுபது பேரும் உயிர்விடுவோம். விடிந்தபோது அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதன் குறிப்பு உண்டு. சேக்கிழார் தொண்டைநாட்டைப் புகழும்போது இதை வேளாளரின் வாய்மையாகப் போற்றுவார். சமணர் இன்னொரு திசையில் போனார்கள்: அந்தப் பேயையே நீலகேசியாக்கி, ஊர் ஊராகச் சென்று சமயவாதம் செய்ய வைத்தார்கள். பேய்க்கு அளவையியல் கற்றுக்கொடுத்த காப்பியம் நம்மிடம் இருக்கிறது. நாம்தான் அதற்குப் பல் வரைந்துகொண்டிருக்கிறோம்.

மக்கள் வழக்கில் இந்தக் கதையிலிருந்து மிஞ்சியது ஒரே ஒரு தொடர்: நீலிக் கண்ணீர். கொன்றவனைக் குறிக்க ஒரு சொல் பிறக்கவில்லை. தீர்ப்புச் சொன்ன சபையைக் குறிக்கவும் பிறக்கவில்லை. அழுதவளுக்கு மட்டும் பிறந்தது. சபை கண்ணீரை நம்பிக் கெட்டது, ஆகவே கண்ணீரை நம்பாதே என்று பாடம் படித்துக்கொண்டோம். சபையின் பிழை நம்பியதிலா இருக்கிறது? நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒருவனைப் பார்த்து, நீ ஏன் நடுங்குகிறாய், இவளுக்கு நீ என்ன செய்தாய் என்று எழுபது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. குடும்ப விவகாரம், உள்ளே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அனுப்பப்படுபவர் நம் காலத்தில் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார் என்பது ஒன்றே வேறுபாடு.

பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு மாணவியின் புகாரை விசாரித்த குழுவில் நானும் இருந்தேன். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அழுது, வெளியேறினாள். கதவு மூடியதும் மூத்த உறுப்பினர் ஒருவர் "நீலிக் கண்ணீர்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுத்தும் ஒன்றும் சொல்லவில்லை. இருதரப்பும் சமாதானம் என்று எழுதிய தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அடுத்த பருவத்தில் அவள் வகுப்புக்கு வரவில்லை. மாணவரின் சீட்டில் விரிந்த கூந்தலோடு என்னைப் பார்த்த நீலியிடம் எனக்கு அச்சம் வராததற்கும், அந்தத் தாளை நினைத்தால் வருவதற்கும் இடையில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் சீட்டின் விதியாக எழுத வேண்டும் என்றேன்.

அவர் எழுதிக் கொண்டுவந்தார். முதல் வடிவத்தில் எதிராளியைச் சபையாக்கியிருந்தார்: எதிராளி பிணை ஏற்கலாம், ஏற்றால் இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளலாம், பின்னால் அழிவு வரும். படிக்க நன்றாக இருந்தது, ஆட்டத்தில் செத்துவிட்டது. தேர்வை எதிராளியிடம் கொடுத்தால் அவர் தமக்குக் குறைந்த கேடு எதுவோ அதைத்தான் தேர்வார். பின்னால் அழிவு என்று சீட்டிலேயே எழுதியிருக்கும்போது எவர் பிணை நிற்பார்? மேஜிக் ஆடுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். லார்ட் ஆஃப் த பிட் காட்டிய வழிதான் சரி. சபையாக இருக்க வேண்டியவர் சீட்டை ஆடுபவரே.

இரண்டு வாரச் சண்டைக்குப் பின் தேறிய வடிவம் இது. பெயர் 'கத்தியை வெளியே வை'. விலை 3 மானா. வரும்போது உன் உயிரி ஒன்றைத் தேர்ந்தெடு; அது இனித் தாக்காது, தடுக்காது. உன் முறை தொடங்கும்போதெல்லாம் வலிமை 1, தாங்கும் வலிமை 1 உள்ள சபையோர் ஒருவர் உன் பக்கம் வருவார். தேர்ந்தெடுத்த உயிரி செத்தால் உன் சபையோர் அனைவரையும் பலியிடு. பலியான ஒவ்வொருவருக்கும் 1 புள்ளி இழப்பாய். முறைதோறும் ஓர் உயிரி என்பது சிறிய வரவு அன்று; 2008-இன் 'பிட்டர்பிளாசம்' என்ற சீட்டு 2 மானாவுக்கு, முறைக்கு 1 புள்ளி இழப்போடு, பறக்கும் உயிரியைத் தந்தே புகழ்பெற்றது. ஆகவே விலை 3 என்பது மாணவரின் கணக்கு. நான் தலையிடவில்லை. நீலி என்ற பெயர் சீட்டில் எங்கும் இல்லை. எதிரில் உட்கார்ந்து, கத்தியில்லாத அந்த உயிரியைக் கொல்ல ஒரு சீட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்தான் நீலி.

எதிராளியின் கையில் கொல்லும் சீட்டே வராவிட்டால்? சபை நிம்மதியாகப் பெருகும், ஓர் அச்சமும் இராது. என் வடிவத்தில் இருந்த ஓட்டை இது. அடைத்தவர் மாணவர்தான்: சபையோர் எழுவரானால் தேர்ந்தெடுத்த உயிரி தானே சாகும். எழுபதை ஏழாகச் சுருக்கியதை மட்டும்தான் முதலில் கவனித்தேன். விளைவு பிறகுதான் உறைத்தது. வாக்கு பலிக்காமல் இருக்க வேண்டுமானால் சபையின் எண்ணிக்கையை ஏழுக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, சபையோரை ஒவ்வொருவராகப் போருக்கு அனுப்பிச் சாகவிடுவது. இது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

தாளில் அச்சிட்டு, நிலச்சீட்டு ஒன்றின்மேல் வைத்து உறைக்குள் செருகி, துறை நூலகத்தில் ஆடினார்கள். நான் விதிகளை அரைகுறையாகவே அறிவேன், பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது சபையோர் வந்தபோது அவர் கை சீட்டின்மேல் நின்றுவிட்டது. "என்னப்பா?" என்றேன். "இருங்கம்மா, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார்.

படம் பற்றி மட்டும் உடன்பாடு இல்லை. சாத்திய கதவு, வெளியே திண்ணையில் ஒரு கத்தி, போதும் என்கிறேன் நான். சாளரத்தில் ஒரு முகமாவது தெரிந்தால்தான் எவரும் அந்தச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள் என்கிறார் அவர். பல் இல்லாமல் என்றால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.